விண்ணில் செல்லும் ரப்பர்

கோவை மண்ணில் வளர்ந்த நமக்கு ரப்பர் வளையம் புதிய பொருளன்று. தோட்டத்துக் கிணற்றில் பம்பு கசிந்தால் அதைக் கழற்றி, தேய்ந்துபோன வாஷரை எடுத்தெறிந்துவிட்டுப் புதியது ஒன்றைப் போடுவதை நம் வீட்டுப் பெரியவர்கள் செய்யக் கண்டிருக்கிறோம். மலிவான பொருள், கெட்டால் மாற்றிக்கொள்ளலாம். தரையில் நிற்கும் இயந்திரத்துக்கு இந்த வசதி உண்டு. முப்பத்தாறாயிரம் அடி உயரத்தில் பறக்கும் இயந்திரத்துக்கு அது இல்லை. அங்கே கசிவு கண்டால் ஓரமாக நிறுத்தி வாஷர் மாற்ற இயலாது. அப்படிப்பட்ட இடத்தில் வைக்கப்படும் ரப்பரைப் பற்றி, கண்டதும் கற்றதுமாகச் சில செய்திகளை ஈண்டு எழுத முற்படுகிறேன்.

சென்ற கோடை விடுமுறையில் என் தாய்மாமன் நடத்தும் ரப்பர் வார்ப்புப் பட்டறையில் ஆறு வாரம் இருந்தேன். பம்புகளுக்கும் நூற்பாலை இயந்திரங்களுக்கும் வேண்டிய வளையங்களும் வாஷர்களும் அங்கே தயாராகின்றன. இரண்டு பிரஸ், ஒரு மில், ஒரு ஓவன், ஏழு ஆட்கள், அவ்வளவுதான் பட்டறை. 2018-ஆம் ஆண்டு மத்திய அரசின் வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டு, 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கி வைக்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, ஓசூர், சேலம், திருச்சி ஆகிய ஊர்களோடு கோவையும் ஒரு மையமாகும். அதன்பின் நம் ஊர்ச் சிறு பட்டறைக்காரர்களுக்கும் விமான வேலையில் ஓர் ஆசை பிறந்தது. மாமாவுக்கு வெளியூர் நிறுவனம் ஒன்றின் வழியாக அப்படி ஒரு சிறு வேலை வந்திருந்தது: விமானத்தில் உள்ள மின்னணுக் கருவிப் பெட்டி ஒன்றின் மூடிக்கு அடியில் வைக்கும் கேஸ்கெட். பொருள் சிலிக்கோன் ரப்பர். வேதியியல் முதுநிலை படிக்கிறவன் என்பதால் என்னைக் கூப்பிட்டு, அதனோடு வந்த காகிதக் கட்டைப் படிக்கச் சொன்னார்.

"ஏம் மாப்ளே, வருசம் பூரா பம்புக்கு ரிங்கு அடிக்கறோம். ஒருத்தன் ஒரு காயிதம் கேட்டதில்லை. இந்தத் துக்கடா கேஸ்கெட்டுக்கு மட்டும் என்னத்துக்கு இத்தனை காயிதம்?"

நியாயமான கேள்வி. அன்று எனக்கு விடை தெரியவில்லை.

முதலில் பொருளை அறிந்துகொள்வோம். சிலிக்கான் வேறு, சிலிக்கோன் வேறு. சிலிக்கான் என்பது மணலில் ஆக்சிஜனோடு கலந்து கிடக்கும் தனிமம். சிலிக்கோன் என்பது அதிலிருந்து மனிதன் ஆக்கிய பாலிமர். இயற்கை ரப்பரின் முதுகெலும்பு கார்பன் அணுக்களால் ஆனது. இடையிடையே இரட்டைப் பிணைப்புகள் உண்டு. ஓசோனும் வெயிலும் அந்த இரட்டைப் பிணைப்புகளைத்தான் முதலில் தாக்குகின்றன. பழைய சைக்கிள் டயரின் பக்கவாட்டில் காணும் வெடிப்புகள் அந்தத் தாக்குதலின் அடையாளமே. சிலிக்கோனின் முதுகெலும்பிலோ சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறி நிற்கின்றன. ஒவ்வொரு சிலிக்கான் அணுவின் இருபுறமும் இரண்டு மெத்தில் தொகுதிகள் தொங்குகின்றன. அதாவது எலும்பு மணலுக்கு உறவு, மேல்தோல் எண்ணெய்க்கு உறவு. கார்பன்–கார்பன் பிணைப்பை முறிக்க மோலுக்குச் சுமார் 348 கிலோஜூல் போதும். சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்புக்குச் சுமார் 450 வேண்டும். வெப்பத்தை அது தாங்குவதற்கு இது ஒரு காரணம்.

குளிரைத் தாங்குவதற்குக் காரணம் வேறு. சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்பு நீளமானது, அதன் கோணமும் அகன்றது. ஆகவே சங்கிலி எளிதில் முறுக்கிச் சுழலும். ஒரு ரப்பர் இந்த அசைவை இழந்து கண்ணாடிபோல் இறுகும் வெப்பநிலையை அதன் கண்ணாடி நிலை என்பர். இயற்கை ரப்பருக்கு அது சுமார் –70 டிகிரி சென்டிகிரேடு. மெத்தில் சிலிக்கோனுக்குச் சுமார் –123. ஆனால் இந்த எண்ணை மட்டும் நம்பிவிடலாகாது. சங்கிலி மிகவும் ஒழுங்காக இருப்பதால் –50 டிகிரியை நெருங்கும்போதே அது படிகமாகத் தொடங்கி விறைத்துப்போகும். பரிகாரம் வேடிக்கையானது: சில மெத்தில் தொகுதிகளை நீக்கிவிட்டுப் பருத்த பினைல் தொகுதிகளை ஆங்காங்கே செருகுவது. வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் நடுவே தலைமூட்டையோடு நான்கு பேரை நிறுத்தினால் வரிசை குலைவதுபோலப் படிகம் அமைவது தடைப்படுகிறது. இந்த வகை –100 டிகிரிக்கு அருகிலும் வளைந்து கொடுக்கும்.

வரலாற்றை இரண்டு வரியில் முடிக்கலாம். இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரில் ஃபிரெடெரிக் கிப்பிங் என்ற பேராசிரியர் நாற்பது ஆண்டு இச்சேர்மங்களை ஆராய்ந்தும், இவற்றால் பெரும்பயன் விளையும் என்று நம்பவில்லை. 1940-இல் அமெரிக்காவில் யூஜின் ரோக்கோ செம்பு வினையூக்கியைக் கொண்டு சிலிக்கானையும் மெத்தில் குளோரைடையும் நேரடியாக இணைக்கும் வழியைக் கண்டார். அதன்பின் உற்பத்தி பெருகியது. இரண்டாம் உலகப்போரின் பிற்பகுதியிலேயே இந்த ரப்பர் விமானத்தில் ஏறிவிட்டது. 1969-இல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் பதித்த காலடித் தடம் சிலிக்கோன் ரப்பர் அடிப்பாகத்தின் தடமே.

தனியாக எடுத்தால் சிலிக்கோன் ரப்பர் ஒரு சோப்ளாங்கி. விரலால் பிய்த்துவிடலாம். அதற்கு உடல்வலு கொடுப்பது மிக நுண்ணிய சிலிக்காத் தூள். அதன் ஒரு கிராமின் மேற்பரப்பு சுமார் 200 சதுர மீட்டர். நம் கணக்கில் சொன்னால் ஐந்து சென்ட் மனை. அவ்வளவு பரப்பிலும் பாலிமர் சங்கிலிகள் ஒட்டிக்கொள்வதால் இழுவலிமை இருபது மடங்குக்கும் மேல் உயர்கிறது. முதன்முறை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எங்கோ தசமப்புள்ளி பிசகிவிட்டது என்றே எண்ணினேன். பிசகவில்லை.

இனி விமானத்துக்கு வருவோம். சித்திரை வெயிலில் ஓடுதளத்தில் நிற்கும் விமானத்தின் உலோகத் தோலைக் கையால் தொட முடியாது. அது மேலே ஏறி 11 கிலோமீட்டரை எட்டும்போது, திட்ட வளிமண்டலக் கணக்கின்படி வெளியே –56.5 டிகிரி, காற்றழுத்தம் தரையில் உள்ளதில் நூற்றுக்கு இருபத்திரண்டு பங்கே. இந்த மாற்றம் அரைமணி நேரத்துக்குள் நிகழ்ந்துவிடும். ஒரே நாளில் பலமுறையும் நிகழும். பயணிகள் இருக்கும் அறையில் மட்டும் அழுத்தத்தைக் கூட்டி வைத்திருப்பார்கள். எவ்வளவு தெரியுமா? பொதுவாக எண்ணாயிரம் அடி உயரத்துக்கு உரிய அழுத்தத்துக்குக் குறையாமல். நமக்கு அது தெரிந்த இடந்தான். உதகமண்டலத்துக்கும் தொட்டபெட்டா உச்சிக்கும் இடைப்பட்ட உயரம். பீளமேட்டில் விமானம் ஏறுகிறவர் சென்னை சேரும்வரை ஏறத்தாழ ஊட்டிக் காற்றைச் சுவாசிக்கிறார் எனலாம். உள்ளே ஊட்டி, வெளியே இமயத்தினும் உயர்ந்த வெளி. இரண்டையும் பிரித்து நிற்பது கதவைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பு. துணியால் வலுவூட்டிய சிலிக்கோன் ரப்பரே பெரும்பாலும் அங்கே பயன்படுகிறது.

குறைகளையும் மறைக்காமல் சொல்லவேண்டும். சாதாரணச் சிலிக்கோன் பெட்ரோலிலும் விமான எரிபொருளிலும் ஊறி உப்பிவிடும். எரிபொருள் படும் இடத்துக்கு ஃபுளோரின் ஏற்றிய ஃபுளோரோசிலிக்கோன் என்ற விலையுயர்ந்த வகை வேண்டும். கிழிசலைத் தாங்கும் திறன் குறைவு. ஆக்சிஜன் இதன் ஊடே இயற்கை ரப்பரில் செல்வதைவிட இருபது மடங்குக்கு மேல் எளிதாக ஊடுருவும். எல்லா இடத்துக்கும் ஏற்ற ரப்பர் என்று உலகில் ஒன்றும் கிடையாது. இடத்தை அறியாமல் ரப்பரைத் தேர்ந்தால் என்ன நேரும் என்பதற்கு, சிலிக்கோன் அல்லாத வேறொரு ரப்பரின் கதையே சான்று.

1986 ஜனவரி 28. அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் புறப்பட்ட 73 வினாடிகளில் சிதைந்து ஏழு பேர் மாண்டனர். பக்கத்து ராக்கெட்டின் பாகங்கள் சேரும் இடத்தில் இருந்த ஓ-வளையம், சூடான வாயுவைத் தடுக்கத் தவறியதே காரணம். வளையத்தின் விட்டம் பன்னிரண்டு அடி. தடிமனோ 7 மில்லிமீட்டர், நம் சுண்டுவிரல் அளவுகூட இல்லை. அது விட்டான் எனப்படும் ஃபுளோரோகார்பன் ரப்பர். வெப்பத்துக்கும் எண்ணெய்க்கும் அஞ்சாதது. ஆனால் அதன் கண்ணாடி நிலை சுமார் –20 டிகிரி என்பதால், நீர் உறையும் குளிரை நெருங்கும்போதே அது மந்தமாகிவிடும். அன்று காலை அங்கே வெப்பநிலை சுமார் 2 டிகிரி. ராக்கெட் பற்றியதும் இணைப்பு சற்றே விரிந்தது. வளையம் துள்ளி எழுந்து அந்த இடைவெளியை அடைத்திருக்கவேண்டும். குளிரில் அது எழத் தாமதித்தது. முந்தின இரவே பொறியாளர் சிலர் இதை எடுத்துச் சொல்லியும் புறப்பாடு நிற்கவில்லை என்பதுதான் நெஞ்சை உறுத்தும் செய்தி. பின்னர் விசாரணைக் குழுவின் பொது அமர்வில் பௌதிகப் பேராசிரியர் ரிச்சர்டு ஃபெயின்மன் அந்த ரப்பர்த் துண்டைச் சிறு கவ்வியில் இறுக்கிப் பனிக்கட்டி நீரில் இட்டு, எடுத்துக் கவ்வியைத் தளர்த்திக் காட்டினார். ரப்பர் உடனே பழைய வடிவுக்கு வரவில்லை. நம் சோதனைச்சாலையில் ஐந்து நிமிடத்தில் செய்யக்கூடிய சோதனை.

இந்தப் பின்னணியில்தான் தரநூல்களைப் பார்க்கவேண்டும். விமான ரப்பருக்கு அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம் வெளியிடும் ஏ.எம்.எஸ். என்ற வரிசை உலகெங்கும் வழங்குகிறது. பொதுப்பயன் சிலிக்கோனுக்கு 3301 முதல் 3305 வரை எண்கள். கடினத்தன்மை முறையே 40, 50, 60, 70, 80. மாமாவுக்கு வந்தது 3303, அதாவது 60. இவற்றில் இந்தப் பாலிமரைப் போடு, இத்தனை தூள் கலக்கு என்ற சமையற்குறிப்பு இராது. வார்த்த ரப்பர் எந்தெந்தச் சோதனையில் எவ்வளவு காட்டவேண்டும் என்பதே இருக்கும். கடினத்தன்மை, இழுவலிமை, நீட்சி, உலர் வெப்பத்தில் வைத்தபின் இவை எவ்வளவு மாறின, குளிரில் ஒடிகிறதா, எண்ணெயில் எவ்வளவு உப்புகிறது என்று அப்பட்டியல் போகும். நம் நாட்டு இராணுவ விமானங்களில் ஏறும் பொருள்களுக்குப் பெங்களூரில் உள்ள செமிலாக் என்ற பறப்புத் தகுதிச் சான்று மையத்தின் ஒப்புதலும் வேண்டும். 2020 மே மாதம் சூலூரில் தேஜஸ் போர்விமானங்களின் இரண்டாவது படையணி தொடங்கியதைப் பத்திரிகைகளில் படித்து நாம் பெருமைப்பட்டோம். அந்த விமானத்தின் ஒவ்வொரு ரப்பர் விளிம்புக்குப் பின்னும் இப்படி ஒரு காகிதக் கட்டு உண்டு என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது அமுக்கத் தங்கல். பெயர்தான் கடினம், பொருள் எளிது. 12.5 மில்லிமீட்டர் கனமுள்ள ரப்பர்ப் பொத்தானை இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே 9.5 மில்லிமீட்டராக அமுக்கி, குறித்த சூட்டில் குறித்த நேரம் வைக்கிறோம். எடுத்து, அரைமணி ஆறவிட்டு, மீண்டும் அளக்கிறோம். 11.9 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அமுக்கியது 3.0, திரும்பாமல் தங்கிவிட்டது 0.6. ஆகவே தங்கல் நூற்றுக்கு 20. இது சுழியமானால் ரப்பர் முழுதும் எழுந்துவிட்டது. நூறானால் எழவே இல்லை, களிமண். கசிவைத் தடுப்பது ரப்பர் அன்று, எழ முயலும் அதன் விசையே என்று இச்சோதனை எனக்குக் கற்பித்தது.

செயற்கைக்கோளுக்குச் செல்லும் சிலிக்கோனுக்கு மேலும் ஒரு தேர்வு உண்டு. வெற்றிடத்தில் ரப்பருக்குள் இருக்கும் சிறு மூலக்கூறுகள் ஆவியாகி வெளியேறி, அருகில் உள்ள குளிர்ந்த கண்ணாடியில் படலமாகப் படியும். 2023 செப்டம்பரில் சென்ற ஆதித்யா-எல்1 போன்ற கலத்தில் சூரியனின் ஒளிவளையத்தைக் காணும் கருவிக்கு அப்படி ஒரு படலம் கண்ணில் விழுந்த பூ. எனவே ரப்பரை வெற்றிடத்தில் 125 டிகிரியில் 24 மணி நேரம் வைக்கிறார்கள். மொத்த எடை இழப்பு நூற்றுக்கு 1-க்கு மேல் போகலாகாது. 25 டிகிரியில் உள்ள தகட்டில் படிவது 0.1-க்கு மேல் இருக்கலாகாது.

பட்டறைக்குத் திரும்புகிறேன். முதல் வார்ப்பு பாழாயிற்று. கேஸ்கெட்டின் மேற்பரப்பு வெல்லப்பாகுபோல் பிசுபிசுத்தது. இரண்டு நாள் புத்தகத்தைப் புரட்டியபின் காரணம் தெரிந்தது. எங்களுக்கு வந்த சிலிக்கோன், பிளாட்டினம் வினையூக்கியால் இறுகும் வகை. பம்பு வளையத்துக்கான நைட்ரைல் ரப்பரில் கந்தகம் உண்டு. இரண்டையும் ஒரே மில்லில் ஓட்டியிருந்தோம். உருளையில் ஒட்டியிருந்த கந்தகத்தின் சிறு துணுக்கே பிளாட்டினத்துக்கு நஞ்சாகிவிட்டது. மாமா சிலிக்கோனுக்கென ஒரு மூலையைப் பாலித்தீன் திரையால் மறைத்து, பழைய சிறு மில் ஒன்றை வாங்கிப் போட்டார். அங்கே போகிறவர் கையைச் சோப்பால் கழுவவேண்டும் என்று கட்டளை. ஆட்கள் அதைச் சாமி அறை என்று கேலி செய்தனர்.

இரண்டாம் வார்ப்பு நன்றாக வந்தது. அச்சிலிருந்து எடுத்த சிலிக்கோனை அப்படியே அனுப்பிவிட முடியாது. காற்று ஓடும் ஓவனில் 200 டிகிரியில் நான்கு மணி நேரம் வைத்து மறுபதம் செய்யவேண்டும். உள்ளே எஞ்சிய சிறு வளைய மூலக்கூறுகள் வெளியேறவும், தங்கல் குறையவும் இதுவே வழி. தொகுதியில் 212 கேஸ்கெட்டுகள். அவற்றோடு சோதனைப் பொத்தான்கள். நேரத்தையும் சூட்டையும் அட்டையில் குறிப்பது என் வேலை.

காலை 10.15-க்கு ஓவன் 200-ஐத் தொட்டது. பன்னிரண்டு மணி வாக்கில் மின்சாரம் போயிற்று. நாற்பது நிமிடம் கழித்து வந்தது. அதற்குள் ஓவன் 130-க்கு இறங்கியிருந்தது. மாமா வெளியே போயிருந்தார். நான் 2.15-க்கு ஓவனைத் திறந்து, அட்டையில் "10.15 முதல் 2.15 வரை, 200 டிகிரி" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பொய் எழுதுகிறோம் என்ற எண்ணம்கூட அப்போது எழவில்லை; கடிகாரம் அப்படித்தானே காட்டியது என்றே நினைத்தேன்.

பொத்தான்கள் சோதனைக்குப் போய் வந்தன. எல்லாம் தேறிவிட்டன. மாமா பெட்டி கட்டச் சொன்னார். அன்று இரவு ஓவனுக்குள் நான் பொத்தான்களை வைத்த இடம் நினைவுக்கு வந்தது. மேல் தட்டு, சூட்டுக்கம்பிக்கு அருகில். கீழ்த்தட்டில் இருந்த கேஸ்கெட்டுகள் எந்தச் சூட்டைக் கண்டன என்று எவருக்கும் தெரியாது. பொத்தான் தேறியது என்பதற்கு, கேஸ்கெட்டும் அதே பதம் பெற்றது என்று அட்டை சொல்கிறபோதுதான் பொருள் உண்டு. அந்த அட்டையை எழுதியவன் நான்.

மறுநாள் காலை மாமாவிடம் சொன்னேன். "அட்டை எழுதினது நாந்தானுங்க மாமா. நடுவுல கரண்டு போச்சுங்க. நாப்பது நிமிசம். அதை எழுதலீங்க."

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "டெஸ்ட்டு பாஸாயிருச்சல்லோ?" என்றார்.

"ஆச்சுங்க. ஆனா பொத்தான் மேல்தட்டுல இருந்துச்சுங்க."

"செரி. பெட்டிய இறக்கு."

மீண்டும் ஒருமுறை சுட்டுவிட்டால் ஆகாதா என்று கேட்டேன். காகிதக் கட்டில் மறுசூட்டுக்கு இடம் இருக்கிறதா என்று தேடச் சொன்னார், இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதி வாங்குகிறவருக்குக் கடிதம் அனுப்பினார். ஒரு நாள் கழித்து ஒற்றை வரியில் பதில் வந்தது: தொகுதியை நிராகரிக்கவும், துண்டுகளாக்கி அழிக்கவும். கழித்த உதிரிபாகம் எவர் கையிலும் சிக்கி மறுபடி விமானத்தில் ஏறிவிடக் கூடாது என்பதால் இத்துறையில் இப்படி ஒரு வழக்கம் இருக்கிறது.

"கத்தரிக்கோல் ரெண்டு எடுத்துட்டு வா" என்றார் மாமா.

திண்ணையில் எதிரெதிரே உட்கார்ந்து 212-ஐயும் வெட்டினோம். சிலிக்கோன் கத்தரிக்கு எளிதாகவே வெட்டுப்படும். ஆயினும் முடிக்க மதியம் ஆயிற்று. பொருள் செலவு எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காகிதம் எதற்கு என்று அதன்பின் அவரும் என்னைக் கேட்கவில்லை. வெட்டி முடித்ததும் என் அட்டையை எடுத்து, நான் எழுதியதை அழிக்காமல் அதன்மீது ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் மின்சாரம் போன நேரத்தையும் வந்த நேரத்தையும் என்னையே எழுதச் சொன்னார்.

மூன்றாம் தொகுதிக்கு வாடகை ஜெனரேட்டர் ஒன்று வந்தது. பொத்தான்களை மூன்று தட்டிலும் பிரித்து வைத்தோம்.